ஒன்பது பில், தொண்ணூறு நாள்

ஏப்ரல் 17
பால்: காலை 6½ லி., மாலை 4.
வெயில். ஒன்பது மணிக்கே கொட்டகைக்குள் நிற்க முடியவில்லை. மாடு சிவப்பியை இரண்டு தடவை குளிப்பாட்டினேன்.

பாஸ்போர்ட் கூரியரில் திரும்பி வந்தது. கூட ஒரு தாள். ஜெர்மனிக்கு விசா இல்லை.

தாளில் வரிசையாகக் காரணங்கள். ஒன்றில் மட்டும் குறி. மகன் செந்தில் படித்துத் தமிழில் சொன்னான்: விசா முடிவதற்குள் அந்த நாட்டை விட்டுக் கிளம்புவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம்.

நானா? மாட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்வேனா? கேரளத்து எல்லையில் எங்கள் வேலந்தாவளத்தைத் தாண்டி ஒரு நாள் தங்கினாலே சோறு இறங்காதவள். கோபத்தில் மோர் கூடக் குடிக்கவில்லை.

ஏப்ரல் 18
பால்: கா. 6½, மா. 4.
மகள் கோமதி ஜெர்மனியிலிருந்து போன். அவளுக்கு ஜூலை நடுவில் பிரசவத் தேதி. இரண்டாவது.

முதல் பேத்தி இனியா அங்கே பிறந்தபோது நான் போகவில்லை. வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்தார். பெற்ற மூன்றாம் நாள் கோமதி தானே எழுந்து ரசம் வைத்துக் குடித்தாள் என்று மாப்பிள்ளை எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னார். ஏழு வருஷம் ஆயிற்று. அந்த ரசம் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. இந்தத் தடவை நான் பக்கத்தில் இருப்பேன் என்று அவளிடம் சொல்லியாகிவிட்டது.

இன்று அவள் அழவில்லை. அதுதான் கஷ்டம்.
"பரவால்லீங்மா. நாங்க சமாளிச்சுக்குறோம்."

இனியா நடுவில் புகுந்து, மாடும் கூட வருமா என்று கேட்டாள். மூன்று பாஷை பேசுகிறாள் என் பேத்தி. சிவப்பியைப் படம் வரைந்து டீச்சரிடம் கொடுத்திருக்கிறாள். கொம்பு மட்டும் கொஞ்சம் ஆட்டுக் கொம்பு.

விசாப் பாரம் நிரப்பிக் கொடுத்த கொழிஞ்சாம்பாறை ஏஜெண்ட் தம்பி, செந்திலிடம் சொன்னது: புருஷன் இல்லை, வேலை இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, இந்த மாதிரி ஆளுக்குக் கிடைப்பது கஷ்டம். அவன் நிரப்பின பாரத்தை வாங்கிப் பார்த்தேன். வேலை என்ற கட்டத்தில் "வீட்டில் இருப்பவர்" என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறானாம். முப்பத்தொரு வருஷமாகச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவள் வீட்டில் இருக்கிறவளாம்.

ஏப்ரல் 21
பால்: கா. 6, மா. 4.
பில் நாள். எங்கள் பால் சங்கத்தில் மாதத்துக்கு மூன்று பில். பத்து நாள், பத்து நாள், மீதி நாள்.

எனக்குப் பின்னால் சரசாள். புதிதாக மாடு வாங்கினவள். போன மாதக் கடைசிப் பில்லில் பால் கூடுதல், இந்த மாதம் இரண்டு பில்லிலும் குறைச்சல், மாடு வற்றுகிறதா என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"மாடு வத்தலை அம்மிணி. மார்ச்சுக்கு முப்பத்தொண்ணு. கடேசிப் பில்லு பதினொரு நாளு."

சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் பனைமரத்தடியில் நின்றுவிட்டேன்.

செந்தில் போட்ட டிக்கெட்: ஜூலை 1 அங்கே இறங்கி, செப்டம்பர் 30 அங்கிருந்து கிளம்ப. விசாவில் அங்கே இருக்க விடுவது தொண்ணூறு நாள்தான். மூன்று மாதம், ஒன்பது பில், தொண்ணூறு நாள் என்று நானும் தலையாட்டியிருந்தேன். ஜூலைக்கு முப்பத்தொன்று. ஆகஸ்டுக்கும் முப்பத்தொன்று.

வீட்டுக்கு வந்ததும் தினசரிக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கிழிக்காமல் ஒவ்வொரு தாளாகத் தூக்கி எண்ணினேன். ஜூலை 1, ஒன்று. தொண்ணூறாவது தாள் செப். 28. அதில் கொண்டை ஊசியைச் செருகினேன். மறுபடி எண்ணினேன். 28தான்.

ஏப்ரல் 22
பால்: கா. 6½, மா. 4.
செந்திலைக் காலண்டரோடு உட்கார வைத்தேன். அவன் போனில் கழித்துப் பார்த்தான். 91 வந்தது.

"ஒரு நாளுதானுங்மா கூட."
"ரெண்டு நாளு. போய் எறங்குற நாளை விட்டுட்டயே. மொத நாளு ஊத்துன பாலை யாராச்சும் கணக்குல விடுவாங்களா?"

மாப்பிள்ளையைக் கேட்டோம். விதியைப் பார்த்துச் சொன்னார். உள்ளே போகும் நாளும் சேர்த்தி, வெளியே வரும் நாளும் சேர்த்தி. 180 நாளுக்குள் 90. அதற்கு மேல் ஒரு நாளும் கூடாது.

அஞ்சாவதோடு நின்றவள் எண்ணினது சரி. பட்டம் வாங்கினவன் தலையைச் சொறிந்தான்.

ஆனால் ஒன்று. நாங்கள் கொடுத்த டிக்கெட்டே, இவள் 92ஆம் நாள்தான் கிளம்புவாள் என்று சொல்லியிருக்கிறது. பிறகு எப்படி நம்புவார்கள்? அஞ்சு நாளாக அந்த ஊர்க்காரர்களைத் திட்டித் தீர்த்தேன். குறி போட்டவர் என்னைச் சந்தேகப்படவில்லை, தாளைப் படித்திருக்கிறார். இதுதான் காரணமா, வேறும் உண்டா, அதில் எழுதவில்லை. எங்கள் பக்கம் தப்பு இருந்தது. மோர் குடித்தேன்.

ஏஜெண்ட் தம்பி சொன்னானாம், மூன்று மாதம் என்றால் எல்லாரும் தொண்ணூறு என்றுதான் எடுப்பார்கள் என்று. எடுக்கட்டும். இனிமேல் பாரம் நிரப்புவது இந்த வீட்டு மேசையில்.

ஏப்ரல் 26
பால்: கா. 6½, மா. 3½.
சேர்த்தாயிற்று:
பாஸ்போர்ட். அங்கிருந்து கிளம்பின பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக.
மாப்பிள்ளை அங்கே சர்க்கார் ஆபீசில் கையெழுத்துப் போட்டு வாங்கின பொறுப்புக் கடிதம். அசல்.
புது டிக்கெட். ஜூலை 1 – செப். 28.
இன்சூரன்ஸ், அதே தேதிக்கு.
கோமதியின் பிறப்புச் சான்று, மலையாளத்திலிருந்து இங்கிலீஷ் ஆக்கினது. தாய்: மயிலாத்தாள்.
கரம் (நில வரி) அடைத்த ரசீது. நிலம் என் பேரில்.
போட்டோ. சிரிக்கக் கூடாதாம். எனக்கு அது சிரமமில்லை.

வேலையில் இருப்பவர் என்றால் லீவு கடிதமும் வேண்டுமாம். அது நமக்குப் பொருந்தாது என்றான் செந்தில். ஏன் பொருந்தாது?

ஏப்ரல் 28
பால்: கா. 6½, மா. 4.
சங்கத்துச் செக்ரட்டரி சிவராமனிடம் லீவு கேட்டேன். அளந்துகொண்டிருந்த பாலை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, மாடு லீவு குடுத்துருச்சுங்களா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரிப்பு. நானும் சிரித்தேன். காரியம் சொன்னேன். பால் அளவு எழுதின பழைய கார்டுகளை எல்லாம் கொண்டுவரச் சொன்னார். டிரங்குப் பெட்டியில் ஒன்று விடாமல் இருந்தது. வீட்டுக்காரர் செத்த அன்றைக்கும் கார்டில் காலைப் பால் ஏறியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கொண்டுபோய் ஊற்றியிருக்கிறாள். இன்றுதான் பார்க்கிறேன்.

கடிதம் இங்கிலீஷில் அடித்து முத்திரை வைத்துக் கொடுத்தார். அங்கத்தினர் எண் 14, மயிலாத்தாள், ஜூன் 30 மாலை முதல் செப். 29 மாலை வரை லீவு. கடைசி வரி நான் சொல்லிப் போடவைத்தது: செப்டம்பர் 30 காலைப் பால் இவரே ஊற்றுவார்.

மே 8
பால்: கா. 6, மா. செந்தில் சொல்லி வைத்த ஆள் கறந்தான், 3.
கொச்சி. ரயிலில் போய் வந்தோம். புழுக்கம். விசா சென்டருக்குள் மட்டும் மார்கழிக் குளிர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மலையாளத்துப் பெண். என்ன ஜோலி என்று கேட்டாள். பாரத்தில் நாங்கள் எழுதினதைக் காட்டினேன்: மாடு வளர்த்துப் பால் ஊற்றுகிறவர். லீவு கடிதத்தைப் படித்தாள். கடைசி வரிக்குத் திரும்பிப் போனாள்.

"முப்பதாம் தேதி ராவிலே தன்னேயா அம்மே?" காலையிலேயேவா என்று கேட்கிறாள்.
"இருபத்தொம்பது வந்துர்றனுங்க. முப்பது காலைல கறக்கோணுமில்லீங்க."

சிரித்துக்கொண்டே கோப்பில் வைத்தாள். முடிவு சொல்கிறவள் அவள் இல்லையாம், தாள்களை அனுப்புகிறவள்தான். இருந்தாலும் சிரித்தாள்.

ரேகைக்குப் பத்து விரலும் வைத்தேன். கறந்து தேய்ந்த கட்டைவிரல் இரண்டும் விழவில்லை. துடைத்துத் துடைத்து நாலாம் தடவை விழுந்தது.

மே 19
பால்: கா. 6, மா. 4.
ஒன்றும் வரவில்லை. செந்தில் கறக்கப் பழகுகிறான். சிவப்பி உதைத்தாள். என் பழைய சேலையை மேலே சுற்றிக்கொண்டு உட்காரச் சொன்னேன். கறக்க விட்டாள். வாசலில் போனவர்கள் பார்த்துவிட்டார்கள், இனி அவனுக்கு ஒரு மாதத்துக்குப் பேச்சு.

கோமதிக்குக் கால் வீக்கமாம். விசா பற்றி அவள் கேட்கவில்லை. கிடைக்கும். கணக்குச் சரியாக இருக்கிறது.

மே 30
பால்: கா. 6½, மா. 4.
வானம் மூட்டம். பத்தரைக்குக் கூரியர். கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

விசா ஒட்டியிருக்கிறார்கள். பச்சைத் தாள், என் சிரிக்காத முகம்.

செந்தில் துள்ளினான். அக்டோபர் 13 வரை என்று போட்டிருக்கிறதாம், இன்னும் பதினைந்து நாள் இருந்துவிட்டு வரலாமாம். தாளை வாங்கினேன். இங்கிலீஷ் எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும். நாள் என்ற கட்டத்தைக் காட்டச் சொன்னேன். 90.

தேதி எதுவரை நீண்டாலும் உள்ளே இருப்பது தொண்ணூறு. கொண்டை ஊசி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்றேன்.

கோமதி இன்றுதான் அழுதாள்.

ஜூன் 24
பால்: கா. 6, மா. 3½.
காற்று. தென்னை மட்டை விழுந்து கொட்டகை ஓடு இரண்டு போச்சு.

பெட்டி: சுக்கு, ஓமம், பிரசவ லேகியம், நூல் சேலை நாலு, இனியாவுக்கு வளையல். நெய் இரண்டு கிலோ காய்ச்சி வைத்திருந்தேன். கொண்டுவர வேண்டாம் என்று கோமதி சொல்லிவிட்டாள். பால், நெய், கறி எதுவும் வெளியிலிருந்து அந்த நாட்டுக்குள் எடுத்துப் போகக் கூடாதாம். என் மாட்டு நெய்க்கு விசா இல்லை. சரசாளுக்குக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஜூன் 30
மேகம், மழை இல்லை. பதினொன்றுக்குக் கார். நாளை அங்கே இறங்கினால், தொண்ணூறில் ஒன்று.
சிவப்பிக்குப் பிண்ணாக்கு கூட ஒரு பிடி. சிவராமன் கார்டில் எழுதிக் கொடுத்ததையே இங்கேயும் எழுதுகிறேன்.
பால்: கா. 6½, மா. லீவு.