மூன்றாவது கேச்சரும் நிற்கவில்லை

என்ரை அருள் அண்ணாவுக்கு,

உன்னுடைய அணி எங்களுக்குப் பொய் சொன்னது. இதைச் சந்தேகம் என்று எழுதவில்லை. நடந்தது என்று எழுதுகிறேன்.

உன் ஓராண்டு நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தா என்று கோயிலில் கேட்டார்கள். உன் புன்னகையில் தொடங்கி ஆண்டவரின் பாதத்தில் முடிக்க எனக்குக் கை வரவில்லை. உனக்குச் சொல்வதற்குச் செய்தி இருக்கிறது. சொல்கிறேன். மற்றவர்களும் கேட்கட்டும்.

ஏப்ரலில் புது ஆட்டப் பருவம் தொடங்கியது. நீ குந்தியிருந்த இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் போய்விட்டார்கள்.

உன்னைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி எழுதவேண்டும், பொறுத்துக்கொள். லண்டன் பார்க் ரோயலில் ஜப்பானியச் சாப்பாட்டுச் சாமான் இறக்குகிற கிடங்கில் நீ வேலை செய்தாய். அங்கே உனக்கு மேற்பார்வையாளர் மோரி. ஒருநாள் மேல்தட்டிலிருந்து சோயா சோஸ் போத்தல் ஒன்று விழ, நீ முழங்கால் உயரத்தில் ஒற்றைக் கையால் பிடித்தாயாம். "ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறாய்?" என்று அந்த இடத்திலேயே மோரி கேட்டாராம். கோயில் கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பராக நின்ற உன்னை, அக்டனில் பேஸ்பால் விளையாடுகிற லண்டன் ஜப்பானியர்களின் அணிக்குக் கேச்சராகக் கொண்டுபோனார்.

கேச்சர் என்றால் மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து, வருகிற பந்து ஒவ்வொன்றையும் பிடிக்கிறவன். முகத்துக்குக் கம்பி மாஸ்க், நெஞ்சுக்குக் கவசம். அந்த அணியில் எல்லாருக்கும் எறிய ஆசை, அடிக்க ஆசை. குந்துவதற்கு யாருக்கு ஆசை? அந்த இடம் சும்மா கிடந்தது, நீ போனாய். இந்த நாட்டில் எங்கள் ஆட்களுக்கு வேலை கிடைக்கிற விதமும் இதுதான். எறிகிறவர் மோரி. கிடங்கில் ஷிப்ட் போடுகிறவரும் மோரி. ஞாயிறுகளில் உனக்கு ஒருநாளும் ஷிப்ட் விழுந்ததில்லை. நீ விரும்பித்தான் போனாயா, அதுவும் ஒரு ஷிப்டா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கவேண்டும்.

போன ஓகஸ்டில் ஒரு ஞாயிறு, விளையாடிவிட்டு வந்து தலையிடி என்றாய். வெயில் என்று அம்மா சொன்னா. இரண்டு பனடோல் தந்து படுக்கவைத்தா. செவ்வாய் காலை உன்னை எழுப்ப முடியவில்லை. மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, தலையில் அடிபட்டிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மோரியிடமிருந்து அனுதாபக் கடிதம் வந்தது. "எங்களுக்குத் தெரிந்தவரை அன்றைய ஆட்டத்தில் வழமைக்கு மாறாக எதுவும் நடக்கவில்லை." கவுன்சிலில் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுவது என் வேலை. கூரை ஒழுகுகிறது என்று அழுகிற சனத்துக்கு நான் தினமும் எழுதுகிற வசனம் இது. ஒன்றும் நடக்காத இடத்தில் "எங்களுக்குத் தெரிந்தவரை" என்று ஒருவரும் எழுதுவதில்லை.

அம்மாவுக்கு ஒரு வருடமாக ஒரே கதைதான். "நான்தான் அவனைப் படுக்கவைச்சனான். எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால் என்ரை பிள்ளை இருந்திருப்பான்." சோறு போடும்போதும் சொல்கிறா, செபமாலை முடிந்ததும் சொல்கிறா. எனக்கு இழப்பீடு வேண்டாம், வழக்கும் வேண்டாம். அந்தக் கதை அம்மாவின் வாயிலிருந்து போகவேண்டும். அதற்கு, அன்றைக்கு அந்தப் புல்வெளியில் என்ன நடந்தது என்று யாராவது சொல்லவேண்டும்.

அதனால் ஏப்ரலிலிருந்து ஞாயிறுதோறும் பிளேஸ்டோவில் ரயில் ஏறி அக்டன் போகிறேன். அம்மா ஏசுகிறா. "பூசைக்கு வராமல் பந்தடி பாக்கப் போறாய். உனக்கென்ன விசரே?"

முதலாவதாக வந்தவன் யூட்டா, பல்கலைக்கழகப் பெடியன். மூன்று ஞாயிறு குந்தினான், முழங்கால் வலி என்று விட்டான். அடுத்தவர் கண்ணாடி போட்ட ஒரு கணக்காளர். இரண்டே ஆட்டம், மனைவிக்கு விருப்பமில்லை என்றார். மனைவிக்கு விருப்பமில்லாத மனிதர் அடுத்த வாரமும் வந்து, வேறு இடத்தில் நின்று, முயல் மாதிரி ஓடினார். முழங்கால் வலிக்காரனும் அப்படியே. எல்லாருக்கும் எல்லா இடமும் சரிவருகிறது. அந்த ஒரு இடம்தான் சரிவரவில்லை.

இன்னொன்றும் கண்டேன். மேயில் ஒரு பந்து கணக்காளரின் மாஸ்கில் லேசாகத்தான் பட்டது. மோரி ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓடினார். மாஸ்கைக் கழற்றச் சொல்லி, முகத்துக்கு முன்னால் விரல்களைப் பிடித்து எண்ணச் சொன்னார். எண்ணி முடித்த பிறகும் அவரை வெளியே இருத்திவிட்டார். இது புது விதி என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். எப்போதிருந்து என்று கேட்டேன். இந்த வருடம்தான் என்றார். வழமைக்கு மாறாக எதுவும் நடக்காத அணிக்குப் புது விதி எங்கிருந்து வந்தது?

மோரியின் மனைவியை உனக்குத் தெரியும். மடக்கு மேசை போட்டு இருந்து, எறிகிற பந்து ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் ஒரு குறி போடுவா. மட்டையில் உரசின பந்து, கேச்சர் தவறவிட்ட பந்து, எல்லாம். மழை தூறினாலும் கொப்பியை மடிக்காமல் குடையைப் பிடித்துக்கொண்டு எழுதுவா. ஜூனில் ஒருநாள் அவவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். குளிர்ந்த பார்லித் தேநீர் ஊற்றித் தந்தா. போன ஓகஸ்ட் பக்கத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பென்சில் நின்றது. "அதைக் கணவரிடம் கேளுங்கள்" என்றா. விளையாடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க அவ எழும்பிப் போன நேரம் கொப்பியைப் புரட்டினேன். அதற்கு முந்தின ஞாயிறு இருக்கிறது, பிந்தின ஞாயிறும் இருக்கிறது. நடுவில் ஒரு தாள் இல்லை. கிழிக்கவில்லை அண்ணா, அடிமட்டம் வைத்து பிளேடால் வெட்டியிருக்கிறார்கள்.

மோரி வந்தார். நான் கொப்பியை மூடவில்லை.

"அது உன் அண்ணாவின் கடைசி ஆட்டம்" என்றார் ஆங்கிலத்தில். "நினைவாக வீட்டில் வைத்திருக்கிறேன்."

"எங்கள் அம்மாவுக்கும் நினைவு வேணும். கொண்டுவாருங்கள்."

"அடுத்த ஞாயிறு" என்று சொல்லி, இடுப்பு மடியக் குனிந்து வணங்கினார். அவ்வளவு குனிந்தால் முகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

அதற்குப் பிறகு ஐந்து ஞாயிறு போய்விட்டது. ஒருமுறை மறந்துவிட்டாராம். ஒருமுறை கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறாராம். உண்மையாகவே இருக்கலாம், வீட்டுச் சுவரில் உன் பக்கத்தைக் கொழுவி வைத்திருக்கலாம். அப்படியானால் ஒரு படம் எடுத்து அனுப்ப எவ்வளவு நேரம்?

மூன்றாவதாக வந்தது யார் தெரியுமா? ஜூட் அண்ணா. உன்னோடு கிடங்கில் நின்ற, செவன் கிங்ஸில் இருக்கிற ஜூட். போன வருடம் நீ ஆள் போதாது என்று கூட்டிப்போய்த் தூரத்தில் நிறுத்திவைத்தாயே, அவரேதான். முதல் நாள் கவசத்தைக் கட்டிக்கொண்டு பகிடி விட்டார். "ஜூட் எண்டு சொல்ல அவையளுக்கு வாய் வராது, ஜூடோ எண்டுதான் கூப்பிடினம். குந்த வந்த எனக்குப் பயில்வான் மரியாதை." மூன்றாவது ஆட்டத்தோடு அவரும் விட்டுவிட்டார். அன்றைக்கு இருவரும் ஒரே ரயிலில் வந்தோம்.

"ஏன் விட்டனீங்கள்?"

"முழங்கால் ஏலாது, நிரோ."

"யூட்டாவுக்கும் முழங்கால்தான். உங்கள் எல்லாருக்கும் சேத்து ஒரு முழங்காலோ?"

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். வைட்சப்பலில் இறங்கி ரயில் மாறவேண்டியவர், கதவு திறந்து மூடும்வரை எழும்பவில்லை.

"குந்தின உடனை அந்தச் சத்தம்தான் கேக்குது" என்றார். "மற்றவைக்கும் அப்பிடித்தான் போல. ஆரும் அதைப்பற்றிக் கதைக்கிறேல்லை."

"என்ன சத்தம்?"

"மோரி எறிஞ்ச பந்து. மட்டையிலை உரசிப்போட்டு நேரை அருளின்ரை மாஸ்கிலை. நான் எவ்வளவு தூரத்திலை நிண்டனான், எனக்கே கேட்டது."

"அண்ணா விழுந்தவரோ?"

"இல்லை. குந்தினபடியே கொஞ்ச நேரம் இருந்தவன். மாஸ்கைக் கழட்டினவன். மோரி ஓடிப்போய்க் கதைச்சவர். பிறகு திரும்பப் போட்டுக்கொண்டு குந்தினவன். அதுக்குப் பிறகு அஞ்சாறு பந்தை விட்டிட்டான். அருள் பந்து விட்டு நான் ஒருநாளும் காணேல்லை."

"மோரி குந்தச் சொன்னவரோ, அண்ணாவாக் குந்தினவரோ?"

"என்ன கதைச்சவையெண்டு கேக்கேல்லை. தூர நிண்டனான் எண்டு சொல்லுறன் எல்லோ."

"ஒரு வருசமா ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"என்ரை விசா அந்தக் கொம்பனியாலைதான், நிரோ." அதைச் சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டார். மற்றவர்கள் பேசாமல் இருந்ததற்குக் கூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. செத்தவீட்டில் உன் பெட்டியைத் தூக்கினவர் இவர். பெட்டியைத் தூக்கின ஆளின் வாயை ஒரு கடுதாசி மூடிவைத்திருக்கிறது என்றால், இது என்ன பிழைப்பு?

வெட்டின தாளில் என்ன இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். உரசின பந்துக்கு ஒரு குறி. அதற்குக் கீழே, ஒருநாளும் பந்து விடாத நீ விட்ட பந்துகளுக்கு வரிசையாகக் குறிகள். நீ சரியில்லை என்று அங்கே நின்ற எல்லாருக்கும் கண்ணால் தெரிந்திருக்கிறது, பென்சிலாலும் தெரிந்திருக்கிறது. ஒருவரும் உன்னை எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் குந்த வேறு ஆள் இல்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றை மறைத்தால் நானும் மோரியின் கடிதம் மாதிரித்தான். இதை அம்மாவுக்குக்கூட நான் சொல்லவில்லை.

திங்கள் பின்னேரம் உனக்குத் தலையிடி கூடிவிட்டது. அம்மா கடைக்குப் போயிருந்தா. நான் மருத்துவ ஆலோசனைக்குப் போன் எடுத்தேன். நீ பேச மறுத்துவிட்டு சோபாவில் படுத்திருந்தாய். போனில் பேசிய பெண் வரிசையாகக் கேள்வி கேட்டா. காய்ச்சல் இருக்கிறதா, கழுத்து விறைக்கிறதா. அதற்குப் பிறகு, "அண்மையில் தலையில் ஏதாவது அடிபட்டதா?"

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு உன்னிடம் கேட்டேன். "தலையிலை ஏதும் பட்டதோ அண்ணா?"

நீ கண்ணைத் திறக்காமல் "இல்லை" என்றாய்.

நான் "நோ" என்றேன். தண்ணீர் குடிக்கச் சொன்னா, தலையிடி கூடினால் திரும்பப் போன் எடுக்கச் சொன்னா. இல்லை என்ற பதிலுக்கு அவ வேறு என்ன சொல்வா?

அடிபட்டவனுக்கு அடிபட்டதே மறந்துபோகலாம் என்று பிறகு எங்கேயோ வாசித்தேன். அப்படி இருக்கவேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டேன். ஆனால் ஞாயிறு வீட்டுக்குள் வரும்போது நீ தொப்பியை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தாய். சாப்பிடும்போதும் கழற்றவில்லை. "சோத்துக்கு முன்னாலை தொப்பி என்ன?" என்று அம்மா ஏசினா, நீ சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாய். மறந்துபோனவன் எதை மூடினான்?

நினைவுப் பூசை முடிந்த அன்றே அம்மாவை இருத்தி எல்லாவற்றையும் சொல்வேன். பந்தையும், ஜூட் கேட்ட சத்தத்தையும், வெட்டின தாளையும், போனில் நான் சொன்ன "நோ"வையும். மோரி அந்தத் தாளைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் தரும்வரை அக்டனுக்குப் போவேன். இது சத்தியம்.

ஆனால் அம்மா மோரியைப்பற்றிக் கேட்கமாட்டா. ஜூட்டைப்பற்றியும் கேட்கமாட்டா. எனக்கு அவவைத் தெரியும், முதல் கேள்வி உன்னைப்பற்றித்தான் இருக்கும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உன்னிடம்தான் இருக்கிறது.

அந்த "இல்லை"யை யாரைக் காப்பாற்றச் சொன்னாய்? சொல்லு அண்ணா.

உன்ரை ஒரே தங்கச்சி,
நிரோ
பிளேஸ்டோ