தனி டம்ளரில் தண்ணீர் குடித்த சமூகப் பணியாளர் மீது நடவடிக்கை கோருதல்

அனுப்புநர்
பெண்கள் பிரிவு நோயாளி ஒருவரின் கணவர்,
ஓய்வுபெற்ற கிடங்குக் காப்பாளர்.

பெறுநர்
கண்காணிப்பாளர் அவர்கள்,
புற்றுநோய் மருத்துவமனை.

பொருள்: சமூகப் பணியாளர் அம்மையாரை இடமாற்றம் செய்து, என் மனைவியை என் வீட்டுக்கே திருப்பி அனுப்பக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். தெரிந்த அன்றே தனித் தட்டு, தனி டம்ளர், பின்னறையில் தனிக் கட்டில் என எல்லாவற்றையும் நானே முன்நின்று ஏற்பாடு செய்தேன். கட்டிக்கொடுத்த மகள் பார்க்க வந்தாலும் கிட்டே அண்டவிடவில்லை. ஒட்டாத நோய் என்றார் டாக்டர். டாக்டர்கள் ஆயிரம் சொல்வார்கள். குடும்பம் நடத்துகிறவன் நான்.

2. வீட்டில் கவனிப்பு எப்படி என்று விசாரிக்கத் தங்கள் சமூகப் பணியாளர் அம்மையார் வந்தார். அன்று வந்திருந்த மகளிடம் நல்ல டம்ளரில் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். அதை ஒதுக்கிவிட்டு, என் மனைவி தன் தனி டம்ளரில் குடித்து மிச்சம் வைத்திருந்ததை எடுத்து மடமடவெனக் குடித்தார். "இன்னும் கொஞ்சம் கிடைக்குமாம்மா?" என்று அவளிடமே கேட்டார். என் முகத்தில் கரி பூசிவிட்டார்.

3. அதைப் பார்த்த என் மகள் ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாகப்போகிறவளுக்கு என்னத்துக்கு இந்தக் கொஞ்சல் என்று கேட்டேன். உடனே அம்மையார் என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் உள்ளே என் மனைவி சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

4. மருந்து இனிக் கேட்காது என்று தெரிந்தபின், மிச்ச நாளை எங்கே கழிக்க விருப்பம் என்று அம்மையார் அவளைக் கேட்டிருக்கிறார். என்னைக் கேட்கவில்லை. "பொண்ணு வீட்ல இருக்கேன். அவ தட்டுலயே சாப்பிடணும்" என்றாளாம். மருமகன் வண்டியோடு வந்தான். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் போனாள்.

5. இப்போது எனக்குக் காய்ச்சல், இருமல். எழுந்து அடுக்களை வரை போக முடியவில்லை. மகளுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தவள் வாசற்படி தாண்டவில்லை. "உள்ள வரமாட்டேன்ப்பா. இது அம்மாவுக்கு ஒட்டிக்கும்" என்றாள். அலமாரி ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்த தாயின் டம்ளரை ஜன்னல் வழியாக எட்டி எடுத்து, கொண்டுவந்திருந்த தண்ணீரை ஊற்றி, படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆகவே அம்மையாரை மாற்றவும். என் மனைவி எங்கே சாக வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவன் நான். தாகம் தாங்கவில்லை. ஆனாலும் அந்த டம்ளரில் நான் வாய் வைக்க மாட்டேன். தங்கள் உத்தரவு வரும்வரை அது படியிலேயே இருக்கும்.

இடம்: என் வீடு, முன்னறை
நாள்: திங்கட்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
கணவர்