"இன்னா செய்றீங்க?" என்று கேட்டவளுக்கு

வாய் ஓயாத என் அண்ணி கஸ்தூரிக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நீ உயிரோடு இருந்தபோதும் நாம் எழுதிக்கொண்டதில்லை. எதற்கு எழுத வேண்டும்? ஆம்பூர் ஷூ கம்பெனியில் அடுத்தடுத்த மெஷின், வீட்டில் ஒரே அடுப்பு. முதலில் எனக்குத் தோழியாக இருந்து, பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அண்ணியானவள் நீ. "நல்ல நாத்தனாரா பார்த்துப் புடிச்சேன், அவளோட ஒரு மாப்பிள்ளையும் சேர்ந்து வந்துட்டாரு" என்று கம்பெனி பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாய்.

உனக்கு ஒரு சேதி. உன் பேரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

சிரிக்காதே, நிஜம்தான். பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் புதுக் கட்டடம் வந்திருக்கிறது. அதை ஒட்டி உயரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி. அலுவலகத்தின் முன்சுவரில் கறுப்புக் கல் பதித்து, தங்க நிறத்தில் எழுத்து. தொட்டி வேண்டும் என்று மல்லுக்கு நின்றவள் நீ, அதனால் உன் வாசகத்தைத்தான் போட வேண்டும் என்று ஊரே சொன்னதாம். திறப்பு விழா அன்று எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அண்ணன், ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவனைப் போல, வெள்ளை வேட்டி சட்டையில் வந்தான். துணியை விலக்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதற்கப்புறம்தான் படித்தேன்.

'தண்ணீருக்கு இன்னா செய்யாதீர். - அமரர் கஸ்தூரி.'

நீ எப்போது இப்படிச் சொன்னாய்? 'செய்யாதீர்' என்று உன் ஆயுளில் யாரிடமாவது பேசியிருக்கிறாயா? நாய் சோற்றுப் பானையில் வாய் வைத்தால்கூட "தே, போ அந்தாண்ட" என்பவள்தானே நீ.

நீ சொன்னது எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. நம் கிணறுகளில் தண்ணீர் மஞ்சளாக, நுரையோடு வந்துகொண்டிருந்த காலம் அது. தோல் கழிவு கலந்து பாலாற்றங்கரை ஊர்கள் பலவும் பட்ட பாடுதான் நமக்கும். சமைத்த சோறு மத்தியானத்துக்குள் நிறம் மாறிவிடும். நீ கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு குறைதீர்க் கூட்டத்துக்குப் போனாய். நானும் உன்னோடு வந்தேன். அதிகாரி நிமிர்ந்து பார்க்காமல், "மனு குடுத்துட்டுப் போம்மா" என்றார். நீ பாட்டிலை அவர் மேஜைமேல் வைத்தாய்.

"மனு எழுதி எழுதி கை ஓஞ்சிபோச்சி சார். எங்க தண்ணிக்கு இன்னா செய்றீங்க? அத்த சொல்லுங்க."

இவ்வளவுதான் நீ சொன்னது. நம் தெருக்காரப் பையன் ஒருவன் அதைப் போனில் படம் பிடித்தான், அது நாலு ஊருக்குப் பரவியது. உன் சொல் ஊருக்கே வழக்குச் சொல்லாகிவிட்டது. குழாயடியில், டீக்கடையில், பஸ்ஸில் எங்கே பார்த்தாலும் "தண்ணிக்கு இன்னா செய்றீங்க?" தான்.

அது எப்படி இப்படி ஆயிற்று என்று விசாரித்தேன். கல்லுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவர் தென்மாவட்டத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பெரியவர், தமிழ் படித்தவர். அவருக்கு உன் சொல்லை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். நம் ஆட்கள் என்றைக்குக் கேள்விக்குறி போட்டார்கள்? 'தண்ணிக்கு இன்னா செய்றீங்க' என்று மொட்டையாகப் போயிருக்கிறது. நமக்கு 'இன்னா' என்றால் 'என்ன'. அவர் படித்த பழைய தமிழில் 'இன்னா' என்றால் துன்பம், தீங்கு. நீங்களெல்லாம் தண்ணீருக்குத் தீங்கு செய்கிறீர்கள் என்று நீ சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு, கொஞ்சம் மெருகேற்றி, 'செய்யாதீர்' ஆக்கிவிட்டார்.

அவரிடம் பேசினேன், அண்ணி. சண்டை போடத்தான் போனேன். ஆனால் அவர் கண் கலங்கி, "இந்த மண்ணில் ஒரு தொழிலாளிப் பெண் வாயில் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறதே என்று சிலிர்த்துப் போனேன் அம்மா" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். "அடடா, கேள்வியா அது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த மனுஷனை நான் எப்படித் திட்டுவேன்?

ஆனால் ஊரில் நடந்த கூத்தைக் கேள். கம்பெனியில் நம் பக்கத்து லைன் ஷமீம் ஆபா, நமக்கெல்லாம் அக்கா மாதிரி இருப்பவள், ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது அந்தக் கல்லைப் படித்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். "இன்னாடி வசந்தா இது? தண்ணிக்கு ஒண்ணியும் செய்யாதீங்கன்னு போட்டுக்கீறாங்க? அதுக்குத்தானே அந்தப் பொண்ணு அவ்ளோ பேஜார் பட்டுச்சி!" என்றாள். ஆபாவுக்கு அப்படித்தான் புரிந்தது. நம் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான் புரிந்திருக்கிறது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். ஆபா என் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

எனக்குக் கோபம் எதில் தெரியுமா? நீ கேட்டது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களை. கல்லில் இருப்பது மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வழியாகப் போகிறவளுக்குத்தான் இப்போது புத்திமதி. தண்ணீரைக் கெடுத்தது அவளா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், உன் பேரைப் போட்டே உன்னை மறைத்துவிட்டார்கள். தொட்டி வந்தது உண்மை, அதில் தண்ணீர் எப்போதாவது ஏறுவதும் உண்மை. கிணறு அப்படியேதான் இருக்கிறது. குடிக்க இன்னமும் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம்.

அலுவலகத்துக்கும் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், நாற்காலி போட்டார். "எழுத்துப் பிழைன்னா நாளைக்கே ஆள வரச்சொல்லிடறேம்மா. இதுல பிழையே இல்லையே? கருத்தும் நல்ல கருத்து."

"அவங்க கருத்து சொல்லல சார். கேள்வி கேட்டாங்க."

"கேள்விய எப்படிம்மா ஆபீஸ் செவுத்துல போடறது? உள்ள உக்காந்திருக்கிற என்னைக் கேக்கற மாதிரி இருக்காது?"

"உங்களத்தான் சார் கேட்டாங்க."

அவர் சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை, அண்ணி. அவர் அந்த நாற்காலிக்கு வந்தே கொஞ்ச காலம்தான் ஆகிறது. "கல்லு வேணாம்னா வீட்டுக்காரர எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, எடுத்துடலாம். மாத்தி வைக்கறதுன்னா மேல இருந்து உத்தரவு வரணும், அது ஆகற காரியம் இல்ல" என்றார். பொய்யோடு உன் பேர் இருக்கலாம், இல்லாவிட்டால் பேரே இருக்காது. இந்த இரண்டில் ஒன்றைத்தான் எனக்குக் கொடுத்தார்.

அண்ணனிடம் வந்து சொன்னேன். அவன் தட்டில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். "வுடு வசந்தா. அவ பேரு இருக்குதில்ல? நீ போய் நோண்டுனா அதையும் பேத்துப் போட்டுடுவாங்க" என்றான். தினமும் வேலைக்குப் போகும்போது சைக்கிளை நிறுத்தி, அந்தக் கல்லில் உன் பேர் இருக்கிற இடத்தை மட்டும் துண்டால் துடைத்துவிட்டுப் போகிறான். அவனுக்கு வாசகம் ஒரு பொருட்டே இல்லை. அவனிடம் நான் என்ன வாதாடுவது?

அத்தோடு விட்டிருப்பேன். உன் மகள் விடவில்லை.

நீ போனபோது பவிக்குப் பேச்சே சரியாக வராது. இப்போது பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி, தலைப்பு அந்தக் கல்லில் இருக்கிற வாசகம். வீட்டில் நின்றுகொண்டு கையை நீட்டி நீட்டி ஒத்திகை பார்த்தாள். "என் அன்னை அன்றே மொழிந்தார், தண்ணீருக்கு இன்னா செய்யாதீர் என்று!" முடித்துவிட்டு என்னிடம் வந்து, "அத்தை, எங்கம்மா வீட்லகூட இப்படித்தான் பேசுவாங்களா? எங்க தமிழ் மிஸ் மாதிரி?" என்று கேட்டாள்.

அவளிடம் இருப்பது மாலை போட்ட ஒரு போட்டோ மட்டும்தான். அந்தப் போட்டோவுக்கு இந்தக் கல்லிலிருந்து ஒரு குரலை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். "வாடி என் எரும, சோறு துன்னுட்டுப் போ" என்று அவளைத் தெருவெல்லாம் துரத்தியவளை அவளுக்குத் தெரியவே தெரியாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். உனக்கு இருந்த வாய்க்கு நீ நூறு வயது இருந்திருக்க வேண்டும். கிட்னி போய்விட்டது என்று வேலூருக்கும் வீட்டுக்கும் அலைந்த நாட்களில்கூடக் கட்டிலில் படுத்துக்கொண்டு நர்சுகளைச் சிரிக்க வைத்தாய். தண்ணீரால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

தெருப் பையன் பிடித்த அந்த வீடியோ என் போனில் இன்னும் இருக்கிறது. அண்ணனுக்கு உன் குரல் கேட்டால் தாங்காது, அதனால் வீட்டில் யாரும் அதைப் போடுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவன் இருக்கும்போதே, "பவிக்குக் காட்டப் போறேன்" என்றேன். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. எழுந்துபோய் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

போட்டேன். உன் சிவப்புப் புடவை, கம்பெனி அடையாள அட்டைகூடக் கழுத்தில் இருக்கிறது. பவி முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அத்தை, அம்மா நம்மள மாதிரியே பேசறாங்க!" என்றாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும். கடைசியில் போனைக் கையில் வாங்கி, ரொம்ப நேரம் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு அவங்க இன்னா சொன்னாங்க, அத்தை?"

படம் அங்கே முடிந்துவிடுகிறது, அண்ணி. அதற்கப்புறம் நடந்தது நமக்குத் தெரியும். அந்த அதிகாரி பாட்டிலை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். இத்தனை வருஷமாக நீ கேட்டதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். கல்லில் வெட்டியவர்களும் அதைத்தான் வெட்டினார்கள், தப்பாகவாவது. பதில் என்று ஒன்று உண்டா என்று உன் மகளைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

வாசற்படியிலிருந்து அண்ணன்தான் பதில் சொன்னான். "ஒண்ணும் சொல்லலம்மா." பிறகு, திரும்பாமலே, "வர்ற கிராம சபைக்கு நானும் வர்றேன் வசந்தா" என்றான். கூட்டத்தில் வாயே திறக்காதவன் உன் புருஷன், உனக்குத் தெரியாதா? அவன் எழுந்து நின்றாலே போதும், பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன்.

கல் இருக்கட்டும். அவன் துடைக்க உன் பேராவது இருக்கட்டும். ஆனால் உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், உன் மகளிடம் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பதில் இல்லாமல் அந்தக் கூட்டத்தைவிட்டு நான் எழுந்திருக்க மாட்டேன்.

பவிக்கு அத்தை,
உனக்கு என்றும் நாத்தனார்,
வசந்தா