சிவப்புக் காரின் கதவுக்குள்

அன்புள்ள ஷர்மினுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜாவில் நான் நலம். அத்தாவின் மூட்டுவலி குறைந்ததா? போனில் பேசினால் அறையில் எல்லோரும் கேட்கிறார்கள். அதனால் இதை ஊருக்கு வரும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பட்டறைக்கு எழுபது வருஷத்துப் பழைய இத்தாலிப் பந்தயக் கார் வந்திருக்கிறது. உடம்பில் நேர்கோடே இல்லை. சக்கரங்களுக்கு மேல் தகடு திரண்டு எழும்பி, பின்னால் ஒடுங்கி இறங்குகிறது. தடவினால் கையை எடுக்க மனம் வராது.

மேனேஜர் சொன்னார்: “சிக்கந்தரே, கதவுக்குள்ள எல்லாம் பார்க்க வேண்டாம். ஒரிஜினல் தகடுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. மாசக் கடைசியில வாங்குறவர் வர்றார்.”

அப்படிச் சொன்னதாலேயே கதவின் உள்பலகையைக் கழற்றினேன். தகட்டில் ஆணியால் கீறிய 786. பிஸ்மில்லாவுக்குப் பதிலாக, வேலை தொடங்குமுன் நம் ஆட்கள் எழுதுவது. இத்தாலிக்காரன் எதற்கு எழுதப்போகிறான்? இங்குள்ள பாகிஸ்தான்காரர்கள் உருது எண்ணில் எழுதுவார்கள். இது நம்ம ஊரில் எழுதுகிற சாதாரண எண். எட்டு மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தனி வட்டங்கள். எட்டை அப்படிப் போடும், தகடு அடிக்கும் டிங்கர் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான்: உன் அண்ணன் ரஃபி. நாலு வருஷம் முன்பு இதே பட்டறையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் உத்தமபாளையம் திரும்பியவர்.

பயப்படாதே. அவர் செய்ததென்றால் இது எழுபது வருஷக் கார் இல்லை, இந்தப் பட்டறையில் அடித்த போலி; நான் கையெழுத்துப் போட முடியாது. வேலை போகும், அவ்வளவுதான். நேரில் போய், முகத்தைப் பார்த்துக் கேள்: “அண்ணே, அங்கன சிவப்புக் காரு ஏதும் செஞ்சீகளா?” போனில் ஆமாம், இல்லை மட்டும் சொல். நீ அரைத்த மிளகாய்த்தூள் கொஞ்சம் கொடுத்தனுப்பு, இங்கன சோறு இறங்கவில்லை.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹார்ன் அடிக்கிறது. அவர் “இல்லை” என்று சொன்னால் உடனே நம்பிவிடாதே. ஒரு தாளில் எட்டு எழுதச் சொல்.

சிக்கந்தர்