நீங்கள் பிரித்துவைத்த ஆடி

அம்மா,

தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறார்கள். கேழ்வரகு வாசனை மாடி வரைக்கும் வருகிறது. கம்பெனிப் பையன்கள் டிபன் பாக்ஸோடு வரிசையில் நிற்கிறார்கள். இந்த வாசனை வந்தாலே எனக்குக் குழப்பம் ஆரம்பித்துவிடும். அதற்குக் காரணம் நீங்கள்தான்.

தொண்ணூற்றொன்றில், மண்ணூரில் உங்கள் வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்தேன். உங்கள் மகன் ஏழுமலையும் நானும் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட். சில மாதங்களில் அவன் தன் பாயைப் பின்னறைக்கே கொண்டுவந்துவிட்டான். ஆணும் ஆணுமாக நாங்கள் ஒருவரையொருவர் விரும்பினோம். இதை இன்று எழுதவே கை தயங்குகிறது. அன்று உங்களிடம் எப்படிச் சொல்லியிருப்பேன்?

ஆடி முதல் தேதி காலையில் என் துணிமணிகளை நீங்களே ஒரு பையில் மடித்து வைத்திருந்தீர்கள்.

"ஆடி பொறந்துட்ச்சி. ஒரு மாசம் வேற எங்கனா தங்கிக்கோ. ஆவணில வா."

தெரிந்துபோய்த்தான் துரத்துகிறீர்கள் என்று நினைத்தேன். ஏழுமலை கிணற்றடியில் நின்று அழுதான். முந்தின வாரம்தான், பக்கத்து ஊரில் கல்யாணம் வேண்டாமென்று சிநேகிதனோடு தங்கிவிட்ட ஒருவனைப் பற்றி, "கருமம், அவன் மூஞ்சிலயே முழிக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தீர்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் நாலு பேர் இருந்த ரூமில் ஐந்தாவது ஆளாக ஒண்டினேன். வேலையை விட்டு ஊருக்கே போய்விடுவதென்று முடிவு செய்திருந்தேன். ஆவணி பிறந்த அன்று ஷிப்ட் முடிந்து வந்தால், கம்பெனி கேட்டில் நீங்கள் நிற்கிறீர்கள்.

"இன்னா, வூட்டுக்கு வர்ற வழி மறந்துட்ச்சா?"

என் பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தீர்கள்.

அடுத்த வருடம் ஆடிக்கு நானே பையைக் கட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஆடி பொறந்துட்டுதேம்மா."

"தல ஆடிக்குத்தான்பா பிரிச்சி வெப்பாங்க. வருஷா வருஷமா வெப்பாங்க?"

புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு அல்லவா அது? பையோடு அப்படியே நின்றேன். ஏழுமலையைக் கேட்டால், "அம்மாவுக்கு இன்னா தெரியும், சும்மா வெளாட்டுக்குச் சொல்லிகீது" என்றான்.

அதற்குப் பிறகும் பக்கத்து ஊர்க்காரனைத் திட்டுவதை நீங்கள் நிறுத்தவில்லை. அவனுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா? கேட்டிருக்கலாம். கேட்டால் விளையாட்டுக்குத்தான் என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயத்தில், நீங்கள் கண்ணை மூடும்வரை கேட்கவில்லை.

ஏழுமலை கூழ் வாங்கிக்கொண்டு படியேறி வருகிறான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. எங்களுக்கு யாரும் பத்திரிகை அடிக்கவில்லை, மேளம் கொட்டவில்லை. உங்களுக்கு என்ன தெரியும் என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை அம்மா. ஆனாலும் எங்களுக்குக் கல்யாணம் நடந்ததற்கு என்னிடம் இருக்கும் ஒரே அத்தாட்சி, நீங்கள் பிரித்துவைத்த அந்த ஒரு மாதம்தான்.