மாசி அட்டமியில் பங்கிட்ட திராட்சை

மெல்பேண்
28-3-76

அன்பு மகள் யோகாவுக்கு,

பிள்ளையாரின் தயவாலும் உன் சித்தி அவித்துத் தருகிற மல்லித் தண்ணீராலும் நாங்கள் இருவரும் சுகம், நீயும் மருமகனும் சம்பியா நாட்டு வெயிலுக்கும் நுளம்புக் கடிக்கும் தப்பிச் சுகமாய் இருக்க வேண்டுமென்பதே இங்கே எங்கள் தினசரி விண்ணப்பம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பதில் எழுதுமுன், கற்பூரம் கைவசம் இல்லாதபடியால் மேசைவிளக்கின் மேல் அடித்து ஒரு சத்தியம் செய்கிறேன், அதாவது கீழே நான் எழுதப்போகும் கதையை ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். உன் அப்பா கண்மூடிய பிறகு ஆறு வயதில் உன்னை என் வீட்டுக்குக் கூட்டிவந்த நாளிலிருந்து எத்தனை கதை சொல்லியிருக்கிறேன், காங்கேசன்துறைக் கடலில் திமிங்கிலத்தின் காதைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தது உட்பட, ஒன்றையும் நீ நம்பினதில்லை. நம்பாமல் சிரித்தாய், அது எனக்குப் போதுமாயிருந்தது. இந்த முறைதான் நம்பிவிட்டாய், அதுதான் வந்த வினை.

அப்பாவின் திவசத்தைச் சித்தப்பா மெல்பேணில் இத்தனை சிறப்பாகச் செய்ததை வாசித்து அழுதேன், அவருக்கு ஆண்பிள்ளை இல்லாத குறையை இனி நினைக்கமாட்டேன், அந்தக் கடிதத்தைச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். மகள், அதை அங்கிருந்து எடுத்துவிடு. இருபத்தொரு கறி என்று எழுதினேன், வாழைக்காய் விமானத்தில் வந்து இறங்கியது என்று எழுதினேன், கிழமை நாட்களில் எஞ்சினியராகவும் நமக்கு அவசரமென்றால் புரோகிதராகவும் இருக்கிற மெட்ராஸ் சேஷாத்ரி மூன்று மணித்தியாலம் மந்திரம் சொல்லித் தொண்டை கட்டிப்போனார் என்றும், சோறு வைத்ததும் மெல்பேண் காகங்கள் கடவுச்சீட்டுக் கந்தோரில் நிற்பதுபோல வரிசையில் நின்றன என்றும் எழுதினேன். மாசித் தேய்பிறை அட்டமியன்று உன் அப்பாவுக்கென்று எங்கள் உலையில் ஒரு அரிசி விழவில்லை. நான் அன்று வீட்டிலேயே இல்லை.

எங்கே இருந்தேன் என்று சொல்கிறேன், சொல்லவே கூசுகிறது. என்னோடு கந்தோரில் வரைபடம் கீறுகிற புரூனோ என்ற இத்தாலியனின் தாய்க்கு மறே ஆற்றுப் பக்கம் திராட்சைத் தோட்டம். அறுவடை தொடங்குகிற ஞாயிறன்று அந்த ஊர் இத்தாலியர்கள் மாதா சிலையைத் தோளில் சுமந்து தோட்டங்களைச் சுற்றி வருவார்கள், குருவானவர் பழங்களுக்குத் தீர்த்தம் தெளிப்பார், பிறகு பாட்டும் கூத்தும் வைனும். வாருமென்று கேட்டான், நானும் துள்ளிக்கொண்டு வெளிக்கிட்டேன். சித்தி வாசலில் நின்று, அத்தானின்ர திவசம் கிட்டுது, பஞ்சாங்கத்தை ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோவன் என்றாள். போன வருசம் மார்ச் அஞ்சாந் திகதி வந்தது, இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு, எனக்குப் படிப்பிக்க வாறியோ என்று எடுத்தெறிந்து பேசிவிட்டுப் போனேன். திதிக்கு இங்கிலீசுத் திகதியைப் பிடித்துக்கொண்டிருந்த மேதாவி இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஞ்சாங்கம் கட்டுப் பிரிக்காமல் அலுமாரிக்குள் கிடந்தது.

அந்த ஊர்த் திராட்சை ஒவ்வொன்றும் இளநீர் பருமன், ஒரு பழத்தை இரண்டு பேர் கோடரியால் பிளந்ததைக் கண்ணால் கண்டேன். பாண்ட் வாத்தியக்காரர் ஊதின ஊதில் ஆற்றுக்கு அக்கரையில் மாடுகள் நாள் தவறிக் கன்று போட்டன. வைன் மூன்று கிளாஸ் குடித்தேன், இந்த எண்ணிக்கையை மட்டும் கூட்டவில்லை, குறைத்திருக்கிறேன். பன்றி இறைச்சிச் சொசேஜும் தின்றேன். இதெல்லாம் பகல் பதினொரு மணிக்கு முன்னால், என் கூடப்பிறந்தவன் எள்ளுத் தண்ணிக்குக் காத்திருந்த நாளில்.

அதோடு நின்றேனா. மாதாவுக்கு முன்னால் ஒரு கூடை நிறையக் கறுத்த திராட்சை இருந்தது. குருவானவர் தீர்த்தம் தெளித்துவிட்டு வைன் மேசைப் பக்கம் போய்விட்டார், கூடை அப்படியே கிடக்கிறது, ஒருவரும் பங்கிடுகிறார்களில்லை. எங்கள் கோயிலில் ஐயர் தட்டை வைத்துவிட்டு இப்படிப் போனால் சனம் விட்டுவிடுமா. சுமப்பதும் சுற்றுவதும் தீர்த்தமும் எங்களைப்போல இருந்தபடியால் பிரசாதமும் எங்களைப்போலத்தான் என்று முடிவுகட்டி, கோயில் தர்மகர்த்தா நானேயென்று கூடையைத் தூக்கினேன். வலக்கையை நீட்டுங்கள், இது பிரசாதம், தள்ளாதீர்கள் என்று இங்கிலீசில் முழங்கினேன். இதுவும் திருவிழாவில் ஒரு அங்கமாக்கும் என்று அந்த வெள்ளைச் சனமும் வரிசையில் வந்து பயபக்தியாய் வாங்கித் தின்றது. கூடையில் ஒரேயொரு சின்னக் கொத்து மிஞ்சியிருக்கும்போது புரூனோ ஓடிவந்தான். அவன் முகத்தைக் கண்டதும் குடித்த வைன் இறங்கிவிட்டது. என்ன வேலையடா பார்த்தாய், அது என்ர அப்பு நட்ட கொடியின்ர முதல் பழம், ஒவ்வொரு வருசமும் அம்மா தன்ர கையால் வெட்டி, ஆசீர்வாதம் வாங்கி, அவருடைய கல்லறையில் கொண்டுபோய் வைக்கிறது, அதை ஒருவரும் தொடுவதில்லை என்றான். அவன் இங்கிலீசில் சொன்னதை என் காது நம்முடைய பாஷையில்தான் கேட்டது.

அவனுடைய தாய் அசுந்தா வந்து ஒற்றைக் கொத்து மட்டும் கிடந்த கூடையைப் பார்த்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எல்லாருக்கும் கிடைத்ததா, பழம் புளிக்கவில்லையே என்றுதான் மகனைக் கொண்டு கேட்டார். அந்த நேரத்தில் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறவன் மனிதன். நானோ என் மானத்தைக் காப்பாற்ற ஒரு பிரசங்கம் தொடங்கினேன், எங்கள் நாட்டில் இறந்தவரின் பங்கை நாலு பேர் வாயில் வைப்பதுதான் பெரிய மரியாதை என்று. கிழவி தலையாட்டிக் கேட்டுவிட்டு, உங்களுக்கு யார் இறந்தது என்றார். என் அண்ணர், வரதராஜா என்றேன். அவருக்கு நீங்கள் எப்போது செய்வீர்கள் என்றார். எங்களுக்கு மற்றவர்களைப்போலத் திகதி கிடையாது அம்மா, வானத்து நிலாதான் எங்கள் கலண்டர், மாசி மாதம் நிலா தேய்ந்து பாதியாய் வருகிற நாள் என்று சொல்லி, நாடகக்காரன் மாதிரிக் கையை உயர்த்தி, திராட்சைக் கொடிகளுக்கு மேலே பகலில் வெளிறிக் கிடந்த நிலாவைக் காட்டினேன். பாதி நிலா. தேய்பிறை. மாசி மாதம். நீட்டின கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

எப்போது, எப்போது என்று அவர் திரும்பவும் கேட்டார். இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது என்றேன்.

தன் புருசனின் பங்கை நான் ஊருக்கு இறைத்த பிறகும் என் அண்ணனைப் பற்றிக் கேட்ட மனுசியிடம் அந்தப் பொய்யைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து சித்தியிடம் உண்மையைச் சொன்னேன், இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. தவறின திதியை அமாவாசையில் செய்யலாமென்று சேஷாத்ரி சொல்லி, அடுத்த அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பித்தார், நாங்கள் மூன்று பேர், மூன்று கறி, காகம் ஒன்றும் வரவில்லை. உங்கட புளுகெல்லாத்தையும் என்னோட வைச்சிருங்கோ, அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ என்று சித்தி படித்துப் படித்துச் சொன்னாள். அதையும் கேளாமல் எழுதினேன். உனக்கு ஆறுதலுக்கென்று அல்ல மகள், எனக்கு மறைப்புக்கு. நீ கோபித்தால் நியாயம், பதில் போடாவிட்டாலும் நியாயம்.

உங்கள் இருவருக்கும் பதினாறு பேறும் குறைவில்லாமல் வர ஆசீர்வதிக்கிறேன், என் ஆசீர்வாதத்துக்கு இப்போது பெறுமதி இருந்தால் எடுத்துக்கொள். மலேரியாக் குளிசையை விடாமல் போடு, மருமகனையும் போடச் சொல். அடுத்த வருசத்துத் திதியை நீயே பஞ்சாங்கத்தில் பார்த்து உன் கைப்பட எழுதி அனுப்பு, நான் அதைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

போன கடிதத்தில் எழுதினது அத்தனையும் பொய். இந்தக் கடிதத்தில் கோடரியையும் கன்றுகளையும் நீயே கழித்திருப்பாய், மற்றதையும் நம்பாவிட்டால் குறையில்லை. ஒரு சின்ன விசயம் மட்டும் மெய், அதை நான் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. ஒரு மாதம் கிடக்கிறது என்று நான் சொன்னதும் அசுந்தா, எனக்கு வயது எழுபத்தெட்டு, ஒரு மாதத்தை யார் கண்டது என்றுவிட்டு, மிஞ்சின அந்தக் கொத்தை எடுத்துக்கொண்டு மாதாவுக்கு முன்னால் போய் முழந்தாளில் இருந்தார். வரதராயா, வரதராயா என்று இரண்டு தரம் சொன்னார். பிறகுதான் தன் புருசனுடைய பெயரைச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
மகேந்திரராஜா