பூனை தின்ற சுவரொட்டி

அடேய் அந்தோணி, என் தங்கமே,

நேற்று ராயபுரம் கோயிலில் உனக்கு முப்பதாம் நாள் பூசை. முடிந்து வாசலுக்கு வருகிறேன், ஆஸ்பத்திரியிலிருந்து போன். உன் இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுத்தார்களே, அந்த ரிப்போர்ட் ரெடியாம், வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். ஆள் போன பிறகு யாருக்கடா ரிப்போர்ட்?

இந்த ஒரு மாதமும் நான் உன்மேல்தான் கடுங்கோபத்தில் இருந்தேன். ஹார்பரில் கிரேன் ஏறுகிற நீ, வீட்டுப் படி ஏறவே மூச்சு வாங்கினாய். ரத்தம் ஊறட்டும் என்று கல்மண்டபத்து பாய் கறிக்கடையில் முதல் ஆளாக நின்று ஆட்டு மண்ணீரல், அதுதான் சுவரொட்டி, வாங்குவேன். மிளகு போட்டு வறுத்துத் தந்தால் முகத்தைச் சுளிப்பாய்.

"ஒயுங்கா துன்னாத உடம்புல ரத்தம் எங்கடா ஊறும்? முழுங்குடா!" என்று கத்துவேன்.

"படிக்கட்டுல காத்தாட குந்திகினு துன்றேன்க்கா" என்று தட்டோடு போவாய். காலித் தட்டு திரும்பி வரும்.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் கீழ்வீட்டு மேரி சொன்னாள். "உனுக்குத் தெரியாதா இன்னா? அத்தினியும் அந்தப் படிக்கட்டுப் பூனைக்குத்தான் போட்டுகினு இருந்தாரு." அந்த நிமிஷமே பூனையை விளக்குமாற்றால் அடித்து விரட்டினேன். நீ தின்றிருந்தால் பிழைத்திருப்பாய் என்றே நம்பினேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பிரித்துச் சொன்னாள். "சாப்பாட்டுல ஒண்ணும் தப்பு இல்லம்மா. ரத்த அணு எலும்பு மஜ்ஜைக்குள்ள குழந்தையா இருக்கும்போதே, அவர் உடம்பே அதை எதிரின்னு நெனச்சுத் தாக்கியிருக்கு. கையில எடுத்த ரத்தத்துல அது தெரியல."

கை ரத்தம் சுத்தமாக இருக்கிறது, உடம்பே ரத்தத்தைத் தாக்கும் வியாதி இல்லை என்று முதலில் பார்த்த டாக்டர் சொன்னாரே, அதை நம்பித்தானே மாதக்கணக்காக இரும்புச்சத்து டானிக் குடித்தாய்? முன்பே தெரிந்திருந்தால் வேறு மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாமாம். பார்த்திருக்கலாமாம்! அந்த ஊசியை முதல் மாதமே ஏன் குத்தவில்லை என்று கேட்டேன். அவள் ரிப்போர்ட்டை மடித்து என் கையில் கொடுத்தாள். அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

கடைசியாக உன்னிடம் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா? "உன் புடிவாதந்தான்டா உன்னப் படுக்க வெச்சுது." நீ சிரித்தாய். பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் வாய்க்கு அவ்வளவு பயமா? மன்னித்துவிடுடா.

இனி மூச்சு வாங்கிக்கொண்டு யார் வந்தாலும் சோற்றுப் பேச்சு எடுக்க மாட்டேன். எலும்புக்குள் பார்த்தீர்களா என்று டாக்டரைத்தான் கேட்பேன்.

வரும் ஞாயிறு பாய் கடைக்குப் போய்ச் சுவரொட்டி வாங்கப் போகிறேன். காரம் போடாமல் வேக வைத்து, படிக்கட்டில் என் கையாலேயே வைப்பேன். அடி வாங்கிய பூனை, திரும்பி வருமாடா?

உன்னைத் திட்டித் தீர்த்த அக்கா,
ஸ்டெல்லா